தெரிந்தே எதிர்த்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தலில் வெல்லாத கட்சியால் நாட்டுக்கு எதுவும் செய்ய முடியாது, ஆகவே முதலில் வெற்றி, மற்றதெல்லாம் பிறகு என்ற கருத்தை அண்மையில் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையொன்றில் வாசித்தேன். ஊரிலும் பலர் இதையே சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையில் எழுபது வருடங்களாகக் கட்சிகள் இந்த வாதத்தின்படிதான் நடந்து வந்திருக்கின்றன. அதனால் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

வெல்ல விரும்புவதில் பிழையில்லை. என் கோபம் வேறொன்றின் மீது. ஒரு காரியம் நாட்டுக்கு நல்லது என்று தனக்கே தெரிந்திருந்தும், மற்றக் கட்சி அதைச் செய்ய வந்துவிட்டது என்பதற்காக எதிர்த்துக் கெடுக்கிறார்களே, அதன் மீதுதான். எங்கள் நாட்டின் பெரிய சேதங்கள் பல அப்படி வந்தவை.

1944இல், சுதந்திரத்துக்கு முந்திய சட்டசபையான அரசாங்க சபையில், சிங்களத்தை ஆட்சிமொழியாக்க, பிற்காலத்தில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜனாதிபதியான ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணை, தமிழையும் சேர்த்துத்தான் நிறைவேறியது. பின்னாளில் சுதந்திரக் கட்சியின் பிரதமரான பண்டாரநாயக்காவும் அப்போது இரு மொழிக்கும் ஆதரவு. இலங்கைக்குச் சமஷ்டி பொருந்தும் என்று 1926இலேயே எழுதியவர் அவர். ஆக, இருவருக்கும் விஷயம் விளங்காமல் இருக்கவில்லை. பிறகு 1956 தேர்தல் வந்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் தனிச் சிங்களம், அதாவது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார் பண்டாரநாயக்கா. ஐக்கிய தேசியக் கட்சி என்ன செய்தது? 1954இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்று சொல்லிப்போன பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலயின் கட்சி, 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் தனிச் சிங்களத்துக்கு மாறியது. வாக்குக்காகத்தான். அந்த வாக்கும் கிடைக்கவில்லை. பாராளுமன்றத்தில் எட்டு ஆசனங்களோடு ஒதுங்கியது.

அடுத்த வருடமே, 1957 ஜூலையில், பண்டாரநாயக்கா தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். தனிச் சிங்களச் சட்டம் அப்படியே இருக்க, தமிழுக்கு நிர்வாகத்தில் ஓரளவு இடமும் பிராந்திய சபைகளும் கிடைத்திருக்கும். அதை எதிர்த்துக் கண்டிக்குக் கால்நடையாகப் புறப்பட்டவர் ஜே.ஆர். இம்புல்கொடவில் மறிக்கப்பட்டு யாத்திரை நின்றது, எதிர்ப்பு நிற்கவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். அதே ஜே.ஆர். முப்பது வருடங்கள் கழித்து, 1987இல், மாகாண சபைகளுக்குக் கையொப்பமிட்டார். தமிழும் ஆட்சிமொழி என்று பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியதும் அவருடைய அரசாங்கம்தான். 1957இல் பேசித் தீர்ந்திருக்கக் கூடிய விஷயத்தைவிட அதிகமாகவே கொடுத்தார். ஆனால் இடையில் எத்தனை ஆயிரம் பேர் போய்விட்டார்கள்! அதன் பின்னும் இருபத்திரண்டு வருடங்கள் யுத்தம் நடந்தது.

சுதந்திரக் கட்சி தன் முறை வந்தபோது அதையே செய்தது. 1965இல் ஐக்கிய தேசியக் கட்சிப் பிரதமர் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு உடன்பட்டவுடன், சுதந்திரக் கட்சித் தலைவி சிறிமாவோ அம்மையாரின் அணி எதிர்த்தது, மாவட்ட சபைத் திட்டமும் கைவிடப்பட்டது. பிறகு மறுபடி மற்றப் பக்கம்: 2000 ஆகஸ்டில் சுதந்திரக் கட்சி ஜனாதிபதி சந்திரிகா அதிகாரப் பகிர்வுக்கான புதிய அரசியலமைப்பு வரைபைக் கொண்டுவந்தபோது, அதன் பல பகுதிகளை மாதக்கணக்கில் கூட இருந்து பேசிய ஐக்கிய தேசியக் கட்சியின் உறுப்பினர்களே பாராளுமன்றத்துக்குள் அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள்.

இவர்களையெல்லாம்விட என்னைக் கூடுதலாக வருத்துவது இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் கதை. ஒரு மொழியென்றால் இரண்டு நாடு, இரண்டு மொழியென்றால் ஒரு நாடு என்று 1956இல் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. சம அந்தஸ்துக்காகக் கட்சித் தலைவர் என்.எம். பெரேராவும் அவர் தோழர்களும் கொழும்பில் கூட்டம் வைத்து அடிவாங்கத் துணிந்த காலம் அது. சிங்கள வாக்காளர்கள் முன்னால் நின்று, வாக்குப் போகும் என்று தெரிந்தே அந்த உண்மையைச் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர்கள் பேரை மரியாதையோடு சொல்வார்கள். அப்புறம் 1960 மார்ச்சில் ஏறக்குறைய நூறு தொகுதிகளில் போட்டியிட்டுப் பத்தை மட்டும் வென்றதும் மனம் தளர்ந்தது. 1964இல் சிறிமாவோ அரசில் சேர்ந்தார்கள். 1966 ஜனவரியில் தமிழை நிர்வாகத்தில் பயன்படுத்த டட்லி கொண்டுவந்த ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் இடதுசாரிகளே முன்னால் போனார்கள். ‘டட்லியின் வயிற்றில் மசாலா வடை’ என்று தமிழரைக் கேலி செய்த கோஷத்தை அந்தக் காலத்துத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1972 குடியரசு அரசியலமைப்பை எழுதிய அமைச்சர் யார்? அதே கொல்வின். சிங்களம் மட்டும் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம், முந்தைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு இல்லை. 1975இல் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1977 தேர்தலில் ஓர் ஆசனமும் இல்லை.

வெற்றிக்காகக் கொள்கையை விடலாம் என்று சொல்பவர்கள் இந்தக் கட்சியின் வரலாற்றை அவசியம் படிக்க வேண்டும்.

தமிழ்க் கட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம் வாக்குக் கணக்கு. முந்தைய வருடத் தேர்தலில் அவர்கள் ஏழு ஆசனங்களை வென்றதோடு பல இடங்களில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்திருந்தார்கள். அந்தச் சட்டம் நிறைவேறிய சில நாட்களில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அமைச்சரவையில் அமர்ந்தார். 1977இல் தனிநாட்டுக்கு ஆணை கேட்டுப் பதினெட்டு ஆசனங்கள் வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்றுக்கொண்டது. தனிநாடு என்று மேடையில் பேசியதைக் கேட்ட இளைஞர்கள் அதைச் சொன்னபடியே நம்பியிருந்தார்கள் என்பதைத் தலைவர்கள் நினைக்கவில்லை.

சரி, இது இனப்பிரச்சினைக்கு மட்டும் உரிய நோயா? இல்லை. அரிசியை எடுத்துப் பாருங்கள். அரசு பங்கீட்டில் கொடுத்த கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்தில் வைத்து 1952 தேர்தலை வென்ற ஐக்கிய தேசியக் கட்சி, அடுத்த வருடம் 70 சதமாக்கியது. ஹர்த்தால் வெடித்தது, துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் இறந்தார்கள், டட்லி பதவி விலகினார். 1970இல் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற சிறிமாவோ அணியினர் மூன்றில் இரண்டு பெரும்பான்மை பெற்றார்கள். சில வருடங்களில் சனம் விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்றது.

2019இல் நடந்ததும் இதுதான். ஜனாதிபதித் தேர்தலில் ராஜபக்சக்கள் வரிக்குறைப்பை வாக்குறுதியாக வைத்தார்கள். வென்ற கையோடு வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கியது. அதே வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருட வருமான எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக ஏறியது. கடன் கட்ட வேண்டிய நாடு தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்டது. 2020 ஆகஸ்டில் பாராளுமன்றத் தேர்தலையும் பெரும்பான்மையோடு வென்றார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். எரிபொருள் வரிசையில் முதியவர்கள் விழுந்து செத்தார்கள். நானும் எரிவாயு சிலிண்டரை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர்களில் எத்தனையோ பேர் அந்த வரிக்குறைப்புக்குக் கைதட்டியவர்கள்தான். ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலில் வென்றது ஒரு சாக்காக நிற்கவில்லை.

மின்கட்டணமும் அப்படித்தான். 2015 ஜனவரித் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன் அன்றைய அரசு 25 சதவீதம் குறைத்தது. பிறகு வந்த அரசுகளும் 2022 வரை ஏற்றத் துணியவில்லை. கடைசியில் ஒரே தடவையில் 75 சதவீதம் ஏறியபோது அடிவாங்கியது ஏழை வீடுகள்.

கட்சிகளை மட்டும் குறை சொல்லி நாங்கள் தப்ப முடியாது. கசப்பான உண்மையைச் சொல்பவருக்கு நாங்கள் வாக்களிப்பதில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2024இல் சர்வதேச நாணய நிதியத்தோடு புதிதாகப் பேசுவோம் என்று வந்த தேசிய மக்கள் சக்தியும் வென்றபின் அதே திட்டத்தைத் தொடர்ந்தது. தொடர்ந்தது சரியென்றே நினைக்கிறேன். அதைத் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தால் இன்னும் மதித்திருப்பேன்.

உங்களைப் போன்ற பத்திரிகைகளால் இதில் ஒன்றைச் செய்ய முடியும். கொள்கைத் திட்டங்களின் செலவைக் கணக்கிடும் பாராளுமன்ற வரவுசெலவு அலுவலகம் அமைக்க 2023இல் சட்டம் வந்தது. தேர்தல் விஞ்ஞாபனம் வெளிவரும் நாளில் தலைவரின் படத்தைப் பெரிதாகப் போடுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எவ்வளவு செலவு, அந்தப் பணம் எந்த வரியிலிருந்து என்று கட்சிகளிடம் கேட்டு, சொன்னதையும் சொல்ல மறுத்ததையும் அருகருகே அச்சிடுங்கள். மாகாண சபைத் தேர்தல் பற்றிப் பேச வரும் ஒவ்வொரு தலைவரிடமும், சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: உங்கள் எதிரணி நாளைக்குக் கொண்டுவந்தாலும் நீங்கள் கையுயர்த்தி ஆதரிக்கப்போகும் மூன்று விஷயங்கள் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மானிப்பாய்.