பாசிக்கு ஓய்வு உண்டு, பாசி எடுப்பவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருகட்டும் என்று அரசு வைத்த தடை இது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களோ மாதத்தில் 12 நாள்தான் கடல்பாசி எடுப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015-இல் சர்வதேச விருதும் கிடைத்தது. பாசி திரும்ப வளர இடைவெளி வேண்டும் என்றால் ஊர் ஒத்துக்கொள்கிறது. பாசி எடுத்த உடம்பு மதியம் அரைமணி நேரம் சாய்ந்தால் மட்டும் "மூதேவி" என்கிறது. கடலுக்குப் போகாத நாளிலும் கருவாடு, விறகு, குழுக்கடன் கூட்டம் என்று பொழுது போய்விடுகிறது. கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை வலைக்கு லீவு, அடுப்புக்கு இரட்டை வேலை.

கடலில் இறங்குபவர்களின் அசதியை மற்ற அசதியோடு சேர்க்கக் கூடாது. மணிக்கணக்காகக் கழுத்தளவு நீரில் நிற்கும்போது, நீரின் அழுத்தம் காலில் உள்ள ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து உடம்பு அதைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. குளிர்ச்சியில் தாகமும் தெரியாது. ஒதுங்க இடமில்லையே என்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைப்பவர்கள் வேறு. கரையேறியதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே வந்ததும் ஈரத்துணியை மாற்றி, உப்புப் போட்ட நீராகாரம் இரண்டு டம்ளர் மெதுவாகக் குடிக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பு வேண்டாம். படுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மதியத் தூக்கம் 20 நிமிடம் போதும். போனில் 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையில் இருந்தால் ரீல்ஸ் பார்ப்பதிலேயே நேரம் போகும். அது ஓய்வுக் கணக்கில் சேராது. அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், பாதியில் எழும்போது தலை கனக்கும், எரிச்சல் வரும். "படுத்ததால்தான் உடம்பு கெட்டது" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. மறுநாள் படுக்கவே மாட்டார்கள். மூன்று மணிக்கு மேல் படுத்தால் இராத்தூக்கம் கெடும். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்காதே என்று பெரியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. வலை பின்னுபவர்கள், மீன் பிரிப்பவர்கள், கருவாடு காயவைப்பவர்கள் தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கிக் கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிடம் கிடந்தால் இடுப்பின் இறுக்கம் தளரும், காலில் இறங்கிய நீரும் வடியும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாப்பிட்டதும் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்காரலாம்.

பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கலாம் என்று வைத்தால் ஒருநாளும் நடக்காது. பாத்திரத்துக்குப் பின் குழாயடி, குழாயடிக்குப் பின் பள்ளி விட்டு வரும் பிள்ளை. எனவே பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டுப் படுங்கள். முதல் ஒரு வாரம் மனசு குறுகுறுக்கும். விட்ட வேலையெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். அவற்றை வீட்டிலுள்ள ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கும். மாமியாரும் மருமகளும் முறை வைத்துப் படுத்தால் வீட்டுக்குள் பேச்சு அடங்கிவிடும். தெருப்பேச்சு அடங்கக் கொஞ்சம் நாளாகும்.

இராத்தொழிலுக்குப் போய்வரும் ஆண்களுக்குக் கரைக்கு வந்ததும் குடிக்கிற டீதான் எதிரி. அதன் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். டீக்குப் பதிலாகக் கஞ்சி குடித்து, ஜன்னலில் கெட்டியான கைலியைத் தொங்கவிட்டு நான்கு மணி நேரம் தூங்கட்டும். குறைந்த தூக்கத்தை மதியம் ஒன்றரை மணி நேரம் ஈடுகட்டலாம். அலுப்புத் தீர ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் சீக்கிரம் வரும், பிற்பாதியில் உடைந்துவிடும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் அசதி போகவில்லையென்றால் அது ஓய்வுக் குறை மட்டுமாக இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்க்கச் சொல்ல வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை.

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கடற்கரையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கடை முதலாளி யாரும் இல்லை. ஆகவே ஊராட்சியும் மீன்வளத் துறையும்தான் பார்க்க வேண்டும். மீன் இறங்குதளம் தோறும், பாசிக்காரர்கள் கரையேறும் இடம் தோறும், நிழலோடு ஒரு திண்ணை, தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய். அடுத்த தடைக்காலத்துக்குள் முடிக்கக்கூடிய வேலைதான் இது.

இப்படிக்கு,
கடலோரச் சுகாதாரப் பணியாளர்கள்,
மண்டபம்.