குதிரை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே,

2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சந்தா நிலுவையையும் வரவு செலவையும் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், இவ்வாண்டு நம் கூட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை எடுத்துக்கொண்ட பார விவகாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

கடற்கரையில் சவாரிக்கு விடும் குதிரை எத்தனை கிலோ சுமக்கலாம் என்பதற்குக் கண் மதிப்பைத் தவிர நம்மிடம் வேறு கணக்கு இருந்ததில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுக் குதிரைகளின் மீது அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்ததில், 25க்கும் 30க்கும் போனபோது நாடித்துடிப்பு தணியத் தாமதமானதும் தசைவலி கூடியதும் தெரிந்தன. சேணத்தையும் சேர்த்து 20 விழுக்காடு என்ற வரம்பைக் குழு ஏற்றது. எட்டே குதிரைகள்தானே என்று சிலர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நம் குதிரைகள் கால் புதையும் மணலில் நடப்பவை என்பதால், வரம்பைத் தளர்த்த அது காரணமாகாது என்பது என் கருத்து.

எடைமேடை இல்லாததால் தையற்கடை டேப்பை வைத்தே அளந்தோம். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ எடை வந்துவிடும். முந்நூறுக்குக் குறையாது என்று உரிமையாளர் அடித்துச் சொன்ன ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குச் சுற்றளவு 145, நீளம் 140. கணக்கில் வந்தது 248 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஐம்பதுகூட இல்லை. சேணம் 8 கிலோ போக, ஏறத்தக்கவர் 42 கிலோவுக்குள் இருக்க வேண்டும். டேப்பைச் சுருட்டும் வரை அங்கே யாரும் பேசவில்லை.

பெரியவர்களைத் திருப்பி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை வருமானம் என்னாவது என்று பல உறுப்பினர்கள் கொதித்தது உண்மை. மூன்று கூட்டங்களுக்குப் பின், இருவர் சேர்ந்து ஏறுவதை அறவே நிறுத்துவது, சிறிய குதிரைகளைப் பிள்ளைகளுக்கு மட்டும் விடுவது என்று உடன்பாடு கண்டோம்.

தீவனத்தைப் பொறுத்தவரை, குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் ஊறுகிறது. ஆகவே காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் கொடுத்துவிட்டு நடுவில் வெறும் வயிற்றில் நிறுத்துவது தவறு. காத்திருக்கும் நேரத்தில் புல் போடுங்கள் என்றதும் சிலர் மணலிலேயே கொட்டினார்கள். அதன் பலனை ஒரு பாலித்தீன் பையில் காட்டினோம்: இலத்தியில் நான்கைந்து உருண்டைகளைத் தண்ணீரில் கரைத்துத் தொங்கவிட்டதில், கால் மணி நேரத்தில் பையின் அடியில் விரல் தடிமனுக்கு மணல் படிந்தது. குடலில் சேரும் மணலே வயிற்றுவலிக்கு வித்து என்பதால், இப்போது பெரும்பாலானோர் வலைப்பையிலோ தொட்டியிலோ புல் வைக்கின்றனர்.

வியர்த்த உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கை, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு நிற்கவில்லை. மே மாத வெயிலில் உடல் முழுவதும் தாராளமாகத் திரும்பத் திரும்ப ஊற்றலாம். பழக்குவதில், குதிரை நின்ற அதே நொடியில் கடிவாளத்தைத் தளர்த்த வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லியிருக்கிறோம். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டேயிருப்பவர்களை இன்னும் தினமும் பார்க்கிறேன்.

டெட்டனஸ் தடுப்பூசி முகாம் நடக்கவில்லை. ஊசி போட வருவதாகச் சொன்னவர்கள் மூன்று தேதி கொடுத்தார்கள், மூன்றும் கடந்தன. சங்கச் செலவிலேயே தனியார் மருத்துவரை அழைக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்