கம்பி முடியும் இடம்

ஆசிரியருக்கு,

முதுகுத்தண்டு இணைப்பு அறுவைச் சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரை, அதன்பின் கழுத்து முள்ளெலும்பு முறியக்கூடும் என்பதைத் தொடவே இல்லை. திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாக இணைத்த தண்டு வளையாத கோலாகிவிடுவதால், விழும்போது விசை பெரும்பாலும் கம்பி முடியும் இடத்தை ஒட்டிய எலும்பில் சென்று சேர்கிறது. எலும்பு மெலிந்த முதியவருக்குக் குளியலறை வழுக்கலே போதும். மேல்முதுகுவரை இணைத்திருந்த என் தாயார் அப்படித்தான் விழுந்தார். சுளுக்கென்று தைலம் தேய்த்தோம் (தேய்த்திருக்கவே கூடாது). எக்ஸ்ரேயில் தோள்பட்டையின் நிழல் ஏழாவது கழுத்து முள்ளெலும்பை மறைத்துவிட, மூன்றாம் நாள் விரல்கள் மரத்துக் காப்பி டம்ளர் கைநழுவிய பிறகே, சி.டி. ஸ்கேனில் முறிவு தெரிந்தது. இத்தகையோர் விழுந்தால் கழுத்தை அசைக்காமல் கொண்டுசென்று சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை, டிஸ்சார்ஜ் தாளிலேயே மருத்துவமனைகள் தமிழில் எழுதித் தரலாமே.

ஒரு வாசகர்,
மதுரை.