எலும்பு மருத்துவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி

மதிப்பிற்குரிய மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களுக்கும், மருத்துவச் சான்றுக் குழுவின் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாம் புதன்கிழமை நடந்த மாற்றுத்திறனாளிச் சான்று முகாமில், முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ள என் அம்மாவுக்குக் குறைபாடு 22 விழுக்காடு என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளின் நகல் உங்கள் கோப்பிலும் இருக்கும் என்பதால் விவரங்களை மறுபடி எழுதவில்லை. 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அரசு உதவிகளில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த மாவட்டம், எந்த மருத்துவமனை என்பதை வேண்டுமென்றே குறிப்பிடாமல் விடுகிறேன். இது ஒரு மருத்துவர் மேல் சொன்ன புகாராகச் சுருங்கிவிடக் கூடாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: முடக்குவாத நோயாளியை அளக்கும் நாளில், எலும்பு மருத்துவருக்குப் பக்கத்தில் பொது மருத்துவர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

அன்று முகாம் முதல் மாடியில் நடந்தது. மின்தூக்கியின் கதவில் ‘பழுது’ என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் பழுத்துச் சுருண்டிருந்ததைப் பார்த்தால் அன்றைக்கு ஒட்டியதாகத் தெரியவில்லை. கை கால் இயக்கக் குறைபாட்டை அளக்கும் முகாமை மாடியில் வைத்த பொருத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மொத்தம் 38 படிகள். எண்ணியவர் அம்மா; திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் பல ஆண்டுகள் உருப்படி எண்ணியவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 12-ஆம் படியில் நின்றார். படி திரும்பும் இடத்தில் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் ‘கொஞ்சம் ஓரமா உக்காருங்கம்மா’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். 30-ஆம் படியில் கைப்பிடிக் கம்பியின் மேல் நெற்றியை வைத்து மூச்சு வாங்கினார். மேலே போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. வரிசையில் காத்திருந்து எங்கள் எண் வந்தபோது மணி 12.40.

மருத்துவர் கனிவாகத்தான் நடந்துகொண்டார், அதை மறைக்க மாட்டேன். கையை மூடித் திறக்கச் சொன்னார், தோளைத் தூக்கச் சொன்னார், குந்தச் சொன்னார், சம்மணமிட்டு உட்காரச் சொன்னார், கோணமானியை வைத்து முழங்காலையும் மணிக்கட்டையும் அளந்தார். பிறகு, ‘படி ஏறுவீங்களாம்மா?’ என்று கேட்டார். ‘ஏறித்தானுங்க வந்தேன்’ என்றார் அம்மா. படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி விழுந்தது. எப்படி ஏறினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும் என நான் காத்திருந்தேன், வரவில்லை. ‘ஏறுனா மூச்சு வாங்குதுங்க’ என்று அம்மாவே சொன்னபோது, ‘அது நெஞ்சு டாக்டர் பாக்க வேண்டியதும்மா’ என்ற பதில் வந்தது.

அந்த மூச்சிரைப்பும் அந்த விரல் வீக்கமும் ஒரே நோய், ஐயா. ஊரில் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லும் இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலின் சொந்தத் திசுக்களைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. மூட்டைச் சூழ்ந்த சவ்வின் மேல் முதலில் பாய்வதால் விரல்கள் முதலில் வீங்குகின்றன; அதனால்தான் இதற்கு மூட்டு நோய் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தோடு கலந்து ஓடுகின்றன, இரத்தம் போகும் இடமெல்லாம் அவையும் போகின்றன. இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் தகுதி எனக்கில்லை. நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். நீங்கள் கல்லூரியில் படித்ததை நான் அம்மாவின் கோப்பைச் சுமந்து திரிந்து தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வறட்டு இருமல் தொடங்கியபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் பஞ்சைத்தான் குறை சொன்னோம். ‘கம்பெனிப் பஞ்சு நெஞ்சுக்குள்ள போயிருச்சு’ என்று பக்கத்து வீட்டு அத்தை அடித்துச் சொன்னார். சளி மருந்தில் ஆறு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு நெஞ்சக மருத்துவர் அம்மாவின் முதுகில், இரண்டு பக்கமும் அடி விலாவுக்கு மேலே, கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, ‘வெல்க்ரோவைப் பிரிச்சா ஒரு சத்தம் வருமில்லைங்களா, அந்தச் சத்தம் கேக்குது’ என்றார். அம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ‘அந்தப் பட்டி வெச்ச குழந்தைத் துணி எத்தன ஆயிரம் என் கையில போயிருக்குதுங்க’ என்றார். சி.டி. படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலின் அடிப்பகுதித் திசு தடித்துத் தழும்பேறி இருந்தது. முடக்குவாதக்காரர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வெளிப்படத் தெரியும் அளவுக்கு வருகிறது என்றும், ஏறிய தழும்பு திரும்ப மென்மையாகாது, மேலும் பரவாமல் தடுக்கத்தான் பார்க்க முடியும் என்றும் அந்த மருத்துவர் விளக்கினார். விரல் கோணினால் கண்ணுக்குத் தெரிகிறது. நுரையீரல் விறைத்தால் 38 படி ஏற வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் ஏற வைத்தீர்கள், ஆனால் பார்க்கவில்லை.

‘நெஞ்சு டாக்டர் பாக்க வேண்டியது’ என்ற பதிலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெஞ்சக மருத்துவர் மருந்து எழுதுவார். குறைபாட்டுச் சான்று அவரால் தர முடியாது, ஏனென்றால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் நுரையீரல் நோய் இல்லை. இயக்கக் குறைபாடு என்ற ஒரு வாசல் வழியாகத்தான் எங்களைப் போன்றவர்கள் உள்ளே வர முடியும், அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர் எலும்பு மருத்துவர். அவர் மூட்டை அளந்து, மூச்சை நெஞ்சகப் பிரிவுக்கும், கண்ணைக் கண் பிரிவுக்கும், சோர்வை வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறார். எங்கள் ஆலையில் பத்துப் பத்திகள் கொண்ட பேரேட்டில் ஒரே ஒரு பத்தியைக் கூட்டி அடியில் ‘மொத்தம்’ என்று நான் எழுதினால், முதலாளி மறுநாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்பார்.

அளந்த நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முடக்குவாதத்தின் விறைப்பு விடியலில்தான் உச்சத்தில் இருக்கும், ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும், வெயில் ஏற ஏறத் தளரும் என்பது இந்த நோயின் அரிச்சுவடி. அன்று 12.40-க்கு விரல்களை மடக்கிக் காட்டிய என் அம்மா, அதே நாள் விடியற்காலை 5 மணிக்குச் சுடுதண்ணீர்ப் போசிக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரவிக்கை ஊக்குகளை மாட்டிவிட்டது நான்தான். 54 வயதுப் பெண் மகளிடம் முதுகைக் காட்டி நிற்பதே கொஞ்சம் கூச்சமான காரியம். அவர் மார்பைக் காட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஊக்குகள் முன்பக்கம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பொத்தான் போடுவீர்களா, தலை வாரிப் பின்னுவீர்களா என்பவையெல்லாம் உங்கள் அளவுகோலிலேயே இருக்கும் கேள்விகள். எந்த மணிக்குக் கேட்பது என்பதுதான் அதில் இல்லை.

கண்ணையும் விட முடியவில்லை. போன ஆண்டு அம்மாவின் வலது கண் இரத்தச் சிவப்பாகியது. மருந்துக் கடையில் மெட்ராஸ் ஐ என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்; தெருவே எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தது. ஆனால், மெட்ராஸ் ஐயில் உறுத்தல் இருக்கும். இது இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் அளவுக்கு உள்ளுக்குள் குடைகிற வலி. பத்து நாள் கழித்துக் கோவையில் காட்டியபோது, அந்தக் கண் மருத்துவர் முதலில் பார்த்தது அம்மாவின் கண்ணை இல்லை, மேசை மேல் இருந்த கைகளை. ‘எத்தன வருசமா இந்தக் கைங்க?’ என்று கேட்டார். கண்ணின் வெள்ளைப் படலத்தில் வந்த அழற்சி, ஸ்க்ளிரைட்டிஸ், மூட்டில் இருப்பதே இங்கும் வந்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் பார்வைக்கே கேடு என்றார். கண் மருத்துவர் கையைப் பார்க்கிறார். கையை அளப்பவர் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று எந்த அரசாணையில் இருக்கிறது?

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்த நோய் இருந்தால் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்று கணக்கிடுகிறார்கள். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான பிடிப்புத் தளர்ந்தவர்களுக்கு, அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தை நிமிர்த்துவதில்கூட ஆபத்து உண்டு. நீண்ட கால அழற்சியில் உடல் இரும்புச் சத்தைப் பூட்டி வைத்துக்கொள்வதால் வரும் இரத்தச்சோகைக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சையும் மட்டும் போதாது. இதை எங்கள் உறவினர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் பக்கம் ‘சடவு’ என்று சொல்லும் அந்த அசதி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர், பல் துலக்கி முடித்ததும் மறுபடி படுக்க வேண்டியிருக்கிறது. வேலைக்குச் சோம்பிக்கொள்கிறார் என்று கம்பெனியில் முதலில் பேசியது இதைத்தான். வேலை போனதும் இதனால்தான், கோணிய விரலால் இல்லை.

சொல்லக் கூடாது என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எங்கள் தெருவில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் அம்மா ஒருநாள், முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மாத்திரையின் பெயரைச் சொல்லி, ‘எனக்கு மீத்தோட்ரெக்சேட் இருக்குதுங்களா கண்ணு?’ என்று கேட்டார். அவர் பாவம், பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, ‘பட்டியல்ல இல்லீங்கம்மா’ என்றார். சட்டத்தின் பட்டியலில் நுரையீரல் இல்லை, மருந்துப் பட்டியலில் வார மாத்திரை இல்லை, முகாம் படிவத்தில் மூச்சு இல்லை. எங்கள் நோய் இந்தப் பட்டியல்களை எல்லாம் முன்கூட்டியே படித்துவிட்டு, அனுமதி உள்ள உறுப்பில் மட்டும் புகுந்திருந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நொய்யல் கரையோரத்து ஊரிலிருந்து காலை முதல் பேருந்தைப் பிடித்து, மாடிப்படியை எண்ணி, 22 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பும் அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும்.

பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்க வந்தது அது இல்லை.

அளவுகோலைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை, அட்டவணையில் புது வகையைச் சேர்க்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குத்தான் என்பதை அறிவேன். சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய வழி இருப்பதையும் அறிவேன். அந்த மனுவைத் தனியாகக் கொடுக்கிறோம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். முடக்குவாதம் என்று கோப்பில் இருப்பவர் வரும்போது, ஒரு பொது மருத்துவரும் உடன் உட்கார்ந்து, நுரையீரல் படத்தையும் கண் மருத்துவரின் சீட்டையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் புரட்டிப் பார்க்கட்டும். பார்த்ததைச் சான்றுடன் ஒரு குறிப்பாக எழுதி வைக்கட்டும். அந்தக் குறிப்பால் விழுக்காடு ஏறாமலே போகலாம். ஆனால், இப்படிப்பட்ட குறிப்புகள் நூறு சேர்ந்தால், அட்டவணையைத் திருத்தக் கோரி மேலிடத்துக்கு நீங்கள் எழுதும் பரிந்துரைக்கு அவை சான்றாக இருக்கும். இந்த நோயாளிகளை முகாமின் முதல் மணி நேரத்திலேயே, தரைத்தளத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்றால், நாற்காலியை முதலில் போடுங்கள்.

மறுமதிப்பீட்டுக்காக அடுத்த மாதம் இரண்டாம் புதன்கிழமை அம்மாவை மறுபடி அழைத்து வருகிறேன். அதற்குள் மின்தூக்கி சரியாகாவிட்டால், வாசலில் இருக்கும் வேப்பமரத்தடியில் காலை 8 மணியிலிருந்து உட்கார்ந்திருப்போம். எங்கள் எண் வரும்போது குழுவிலிருந்து ஒருவர் கீழே இறங்கி வந்து பார்த்தால் போதும். அவர் பொது மருத்துவராக இருந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு, பணிவன்புடன்,
22 விழுக்காடு பெற்றவரின் மகள்