‘ஏன் எதிர்க்கவில்லை?’ – கேட்க வேண்டிய கேள்வி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலதிகாரி மீது பாலியல் புகார் அளித்த ஒரு பெண் ஊழியரைப் பற்றிய செய்தியை அடுத்து, தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ‘அன்றே ஏன் சொல்லவில்லை, ஏன் எதிர்க்கவில்லை’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. குற்றவியல் துறையே நெடுங்காலம் அப்படித்தான் கேட்டு வந்தது. பிறகு அந்தக் கேள்வி தவறான திசையில் இழுத்துச் செல்கிறது என்று அதுவே கண்டுகொண்டது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1958, 1960 ஆகிய ஆண்டுகளில் பதிவான 646 பாலியல் வன்கொடுமை வழக்குகளின் காவல்துறைக் கோப்புகளை ஆராய்ந்த குற்றவியலாளர் மெனாகெம் அமீர், அவற்றில் சுமார் 19 சதவீதத்தில் குற்றத்துக்குப் பெண்ணின் நடத்தையும் காரணம் என்று 1971இல் எழுதினார். அந்தப் பெண் ஆணுடன் மது அருந்தியதும் அவனுடைய வண்டியில் ஏறியதும்கூட அந்தக் கணக்கில் சேர்ந்தன. கடும் கண்டனத்துக்கு உள்ளான ஆய்வு அது. அதன் அடிப்படைக் கோளாறு, காவலர் எதை எழுதத் தகுந்தது என்று கருதினாரோ அதையே நடந்த உண்மையாக எடுத்துக்கொண்டதுதான். கோப்பில் இல்லாதது ஆய்விலும் இல்லாமல் போயிற்று.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் மேரி காஸ். 32 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 6,159 மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வை அவரும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்டார்கள். ‘நீங்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானீர்களா’ என்று மொட்டையாகக் கேட்காமல், நடந்த செயலைப் பிரித்துப் பிரித்து விவரித்து, இப்படி நடந்ததுண்டா என்று கேட்டார்கள். அந்த வினாத்தாளில் ஒரு வினா என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும்: முதலாளி, ஆசிரியர், மேற்பார்வையாளர் போன்ற பதவியில் இருந்த ஒருவர் அந்தப் பதவியைப் பயன்படுத்தி, நீங்கள் விரும்பாதபோது உறவுக்கு இணங்கச் செய்ததுண்டா? கத்தியும் அடியும் இல்லாத நிர்ப்பந்தம் அங்கே தனி வினாவாகவே இடம்பெற்றது. சட்டப்படி வன்கொடுமை என்று கொள்ளத்தக்க அனுபவம் இருந்த பெண்களில் 27 சதவீதத்தினரே தங்களை அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதியிருந்தார்கள். தனக்கு நேர்ந்தது குற்றம் என்றே எண்ணாதவர், அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போகவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை. இத்தகைய கணக்கெடுப்புகளில் வினா மாறினால் விகிதமும் மாறும் என்று விமர்சகர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த வாதம் காவல்துறைப் புள்ளிவிவரத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

அதிகாரம் ஏறத்தாழ முழுமையாக ஒருவர் கையில் இருக்கும் இடம் சிறை. அமெரிக்கச் சிறைகளில் பாலியல் வன்முறையை ஒழிப்பதற்கான சட்டம் 2003இல் இயற்றப்பட்ட பின், கைதிகளிடம் நேரடியாகவே கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் நிற்கும் காவலருக்குக் கேட்டுவிடக் கூடாதல்லவா? அதனால் வினாக்கள் கைதியின் காதில் மாட்டிய ஹெட்போனில் ஒலிக்கும். அவர் வாய் திறக்காமல் தொடுதிரையில் விடையைத் தொடுவார். 2011–12 கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டு காலத்தில் சக கைதிகளால் பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 2.0 சதவீதம், சிறை ஊழியர்களுடன் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 2.4 சதவீதம். சிறை வன்முறை என்றதும் சக கைதியையே நினைக்கும் நமக்கு இந்த எண்கள் உறைக்க வேண்டும். ஊழியர் தொடர்பான எண்ணிக்கையில், கைதி இணங்கியதாகச் சொன்ன நிகழ்வுகளையும் அந்தக் கணக்கெடுப்பு சேர்த்தே கொள்கிறது. அமெரிக்க மத்திய அரசின் சிறைகளில் இத்தகைய உறவைக் குற்றமாக்கும் சட்டமும் கைதி இணங்கினாரா என்று பார்ப்பதில்லை. சாப்பாடு, தொலைபேசி, தண்டனைக் குறைப்பு எல்லாம் எவர் தயவில் இருக்கின்றனவோ அவரிடம் ‘சரி’ என்பதைச் சம்மதமாக எப்படிக் கொள்வது?

எதிர்ப்பதற்குப் பல நேரம் உடலும் ஒத்துழைப்பதில்லை. ஸ்டாக்ஹோமில் வன்கொடுமைக்கு ஆளானோருக்கான அவசர மருத்துவப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. சம்பவத்தின்போது அசையவோ கத்தவோ முடியாதபடி உடல் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோனதாக 70 சதவீதத்தினர் தெரிவித்தார்கள். அப்படி உறைந்தவர்களுக்கே பின்னாளில் மன அழுத்த நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

சட்டங்களும் மெல்ல மாறி வருகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டம், குடும்ப உறவுக்குள் ஒருவரைத் தொடர்ந்து அடக்கி ஆள்வதையே, அடி விழாவிட்டாலும், குற்றமாக்கியது. ஸ்வீடனில் 2018 முதல் பலாத்காரத்தையோ மிரட்டலையோ நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றவர் விரும்பிப் பங்கேற்றாரா என்பதே கேள்வி.

தங்கள் நிருபர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதல்ல. இத்தகைய புகாரைச் செய்தியாக்கும்போது, புகாரளித்தவர் என்ன உடுத்தியிருந்தார், எத்தனை மாதம் பேசாமல் இருந்தார் என்பவற்றுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின் அதிகாரத்துக்குத் தாருங்கள். புகாரளித்தவரின் விடுப்பில் கையெழுத்திடுபவர் யார், மதிப்பெண்ணையோ பதவி உயர்வையோ முடிவு செய்பவர் யார், விசாரணைக் குழுவில் இருப்பவர்கள் எவருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள், இதற்கு முன் வந்த புகார்கள் என்ன ஆயின என்பதெல்லாம் விசாரித்தால் கிடைக்கக்கூடிய தகவல்களே. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். இந்த விவரங்களை வெளியிடுவதால் அவருக்கு அநீதி எதுவும் நேர்ந்துவிடாது. புகாரில் உண்மை இல்லையென்றால் அதுவும் இவற்றிலிருந்தே தெரியவரக்கூடும்.

இப்படிக்கு,
குற்றவியல் பாடம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்