தங்கம் ஏன் வீட்டில் இல்லை

அன்புள்ள பாப்பா,

"தங்கம் எடுத்தீங்களாமே தாத்தா, அப்புறம் ஏன் நம்ம வீட்டுல இல்ல?" என்று பேரன் போனில் கேட்டதற்கு அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

நாங்கள் தங்கத்தைக் கண்ணால் பார்த்ததே அபூர்வம், பார்த்ததெல்லாம் கல்தான். ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் நம்ம கோலார் தங்கச் சுரங்கத்தைத் தோண்ட வந்த புதிதில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்ததாம், எங்கள் கடைசி வருஷங்களில் 3, 4 கிராம் வந்தாலே பெரிசு. அந்த 4 கிராமுக்காகத்தான் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை ஆட்கள் இறங்கினார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், பனியனைப் பிழிந்து பிழிந்து மாட்டிக்கொண்டு வேலை செய்வோம்.

ஏர் பிளாஸ்ட் உனக்கு ஞாபகம் இருக்காது. கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், மேலே தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நம் லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடும். ஒருதடவை நான் ஷிஃப்ட் முடிந்து எங்களை ஏற்றி இறக்கும் கேஜிலிருந்து வெளியே வந்தால் உன் அம்மா ஷாஃப்ட் (சுரங்கக் குழி) வாசலில் நிற்கிறாள், இடுப்பில் நீ, கையில் பிசைந்த மாவு அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கிறது. என்னைப் பார்த்தும் ஒன்றும் பேசவில்லை, உன்னை என் கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பம்பு நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது, நான் வேலை செய்த இடமெல்லாம் இப்போது தண்ணீருக்குள். 120 வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். தூசி நெஞ்சில் கட்டி இருமி இருமியே போனவர்களையும் அந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டாமா? நம் லைனிலேயே எத்தனை பேர்.

மிச்சம் இருப்பது ஷாஃப்டுக்கு மேலே நிற்கும் துருப்பிடித்த இரும்புக் கோபுரமான ஹெட்கியரும் சயனைடு மேடும்தான். சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய, 3 கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண், காற்றடித்தால் சோற்றுத் தட்டு வரைக்கும் வருகிறது. சின்ன வயசில் உன்னை அதில் சறுக்கி விளையாட விட்டேன், விட்டிருக்கவே கூடாது. பேரனை அதன் பக்கம் கூட்டிப் போகாதே.

டிசம்பரில் வரும்போது கார் வேண்டாம், பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வாங்க. ஸ்டேஷனிலிருந்து அவனை நானே நடத்திக் கூட்டிப் போய் எங்கள் ஷாஃப்டைக் காட்டுகிறேன்.

அப்பா