ஒதுக்கேல்ல மச்சான், விலத்தினனான்

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

மச்சான்,

சுகமா இருக்கிறியா. உன்ர வொய்ஸ் மெசேஜை ரெண்டு தரம் கேட்டனான், மூண்டாம் தரம் கேக்க மனம் வரேல்ல. கடைசியில நீ கேட்டாய் பார், "ஏன்ரா எங்கட கூட்டாளி கட்டையனை ஒதுக்கி வச்சிருக்கிறாய், அவன் உனக்கு என்ன செய்தவன்" எண்டு, அந்த ஒரு கேள்வி கிழமை முழுக்க மண்டைக்குள்ளயே நிண்டுது. வொய்ஸில பதில் சொல்ல வெளிக்கிட்டா தொண்டை அடைக்கும், அதான் இருந்து ரைப் பண்ணுறன், நீளமா வரும், வேலை முடிச்சு வந்து ஆறுதலா வாசி.

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாக்கு முழங்கால் நோ கூடிப்போச்சு, கன்னியாவுக்குக் கொண்டுபோய் ஏழு கிணத்துச் சுடுதண்ணியும் வார்த்தாச் சரிவரும் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறா, அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போகவேணும். சின்னவன் ஓ.எல். சோதினை எழுதப்போறான், புத்தகத்தைவிட போனைத்தான் கனக்கப் பார்க்கிறான். கடல் நல்ல அமைதி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரரும் வரத் தொடங்கிட்டினம்.

இனி நீ கேட்டதுக்கு வாறன். நீ பாவிச்ச சொல்லு பிழை மச்சான். நான் அவனை ஒதுக்கேல்ல, விலத்தினனான். ரெண்டும் ஒண்டுதானே எண்டு நீ கேப்பாய், எட்டு வருசமா அதைச் செய்துகொண்டு திரிஞ்சவன் சொல்லுறன், ஒண்டில்ல.

உனக்கு ஞாபகம் இருக்கும், பின்னேரத்தில கோட்டை வாசல் பக்கம், கடற்கரைப் பக்கம் சைக்கிள்ல போனா மான் நடுரோட்டில வந்து நிக்கும், பெல் அடிச்சாலும் அசையாது, நாங்கள்தான் விலத்திப் போறது. இப்பவும் அப்பிடித்தான், ஓட்டோவும் பஸ்ஸும் விலத்தித்தான் போகுது. மானில ஆருக்கும் கோவம் இல்ல, வெறுப்பும் இல்ல, முட்டுப்படக்கூடாது, அவ்வளவுதான். ஆனா விலத்திறதெண்டா முதல்ல அதை நல்லாப் பார்க்கவேணும், எந்தப் பக்கம் பாயும், எவ்வளவு இடம் விடவேணும் எண்டு கணக்குப் போடவேணும். பார்க்காம ஒண்டையும் விலத்த ஏலாது. பள்ளிக்கூடத்தில விலகு தன்வினை, விலக்கு பிறவினை எண்டு படிச்சம், விதிவிலக்கு, மதுவிலக்கு எல்லாம் படிச்சம், ஆனா நாங்கள் நாளாந்தம் கதைக்கிற இந்த விலத்திறதைப் பற்றி ஒருத்தரும் படிப்பிக்கேல்ல. என்ர காதுக்கு அது விலகிறதும் இல்ல, விலக்கிறதும் இல்ல. மற்ற ஆள் நிண்ட இடத்திலயே நிக்கிறார், நான்தான் வளைஞ்சு போறன், வளையிற நேரம் முழுக்க என்ர கண் அவரிலதான்.

ஒதுக்கிறது வேற. ஒரு ஆள் தனிய நிண்டு இன்னொரு ஆளை ஒதுக்க ஏலாது, அதுக்கு ஊர் வேணும், இல்லாட்டி ஊர் மாதிரி ஒரு பலம் வேணும். பொய்கொட் எண்டு இங்கிலீசில சொல்லுறாங்களே, அது ஒரு மனுசன்ர பேர், உனக்குத் தெரியுமோ தெரியாது. அயர்லாந்தில மாயோ எண்ட இடத்தில ஏர்ன் பிரபுவின்ர காணியளைப் பார்த்த ஏஜன்ட் கப்டன் சார்ள்ஸ் பொய்கொட். 1880ஆம் ஆண்டு குத்தகைச் சனம் வாடகையைக் குறை எண்டு கேக்க, இவர் அவையளைக் கிளப்ப நோட்டீஸ் குடுக்க, சனம் அவருக்கு அடிக்கவும் இல்ல, வீட்டை எரிக்கவும் இல்ல, கதையை நிப்பாட்டினது, வேலைக்குப் போறதை நிப்பாட்டினது, கடைக்காரர் சாமான் குடுக்கேல்ல. கடைசியில அவற்ற பயிரை அறுக்க வெளி மாவட்டங்களில இருந்து ஐம்பது பேர் வந்தினம், அவையளைக் காக்க ஆயிரம் பேரளவில ஆமி வந்தது, ஐந்நூறு பவுண் பயிரை எடுக்கப் பத்தாயிரம் பவுண் செலவாம். அந்த வருசமே டிசம்பர்ல மனுசன் அயர்லாந்தை விட்டுப் போட்டார், பேர் மட்டும் சொல்லா நிண்டிட்டுது. நாங்கள் பகிஷ்கரிப்பு எண்டுறம், வெளியில ஆக்கிறதுதான் அதின்ர நேர்ப் பொருள். 1931இல அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணத்தில பகிஷ்கரிச்ச கதையை என்ர அப்பப்பா சொல்லுவார், இப்ப ஆசுப்பத்திரியிலயும் பள்ளிக்கூடத்திலயும் பணிப்பகிஷ்கரிப்பு எண்டு நோட்டீஸ் ஒட்டினா அதே சொல்லுதான். பலமில்லாதவன் பலமுள்ளவனுக்குச் செய்யேக்க அது நியாயமான ஆயுதம் எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா அதையே ஊர் கூடி ஒரு ஏழைக் குடும்பத்துக்குச் செய்தா, தண்ணி அள்ள விடாம, நல்லது கெட்டதுக்குச் சொல்லாம விட்டா, அதைவிடக் கொடுமை இல்ல. அப்பிடிப்பட்ட சொல்லை நீ எனக்கும் கட்டையனுக்கும் நடுவில கொண்டுவந்து போட்டதுதான் எனக்குக் குத்தினது.

புறக்கணிக்கிறதும் இல்ல இது. புறம் எண்டா முதுகு. கலியாண வீட்டுப் பந்தியில பக்கத்துப் பக்கத்து இலையில இருக்கேக்க, ஒருத்தரோட மட்டும் முகம் பார்த்துக் கதைச்சு மற்றவரை இல்லாத ஆளா ஆக்கிறது இருக்கே, அது புறக்கணிப்பு. முன்னால இருக்கிறவனைக் காத்தா நினைக்கிறது. உன்ர மகள் சொன்னா எண்டு சொன்னாயே, கோஸ்டிங் எண்டு, நீல டிக் விழுந்தும் பதில் வராது எண்டு, அது இந்தச் சாதிதான், சொல்லுத்தான் புதுசு.

சரி, நடந்ததைச் சொல்லுறன், உனக்கு இதுவரைக்கும் சொல்லேல்ல. ஓட்டோவை லீசிங்கில எடுக்கேக்க எனக்குப் பிணை நிண்டவன் கட்டையன். கேட்ட உடன கையெழுத்து வச்சவன், பேப்பரை வாசிச்சுக்கூடப் பார்க்கேல்ல. பிறகு எனக்கு நாலு தவணை விட்டுப்போச்சு, அப்ப அப்பாவுக்கு வருத்தம், உனக்குத் தெரியும்தானே. லீசிங்காரர் என்ர வீட்டுக்கு வந்தவங்கள், நான் இல்ல, நேர கட்டையன்ர வீட்டுப் படலையில போய் நிண்டு சத்தம் போட்டிருக்கிறாங்கள். அவன்ர மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த ஆக்கள் உள்ளுக்க இருந்திருக்கினம் மச்சான். அந்தச் சம்பந்தம் சரிவரேல்ல. அதாலதானோ இல்லையோ, அவன் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்ல, ஒரு சொல்லு. நான் மூண்டு மாசத்தில காசை முழுக்கக் கட்டி முடிச்சிட்டன். முகத்தைக் கொண்டுபோய் அவனுக்கு முன்னால வைக்கத்தான் ஏலாமப் போச்சு.

அண்டைக்குத் தொடங்கினதுதான். அவன் காலமை ஆறரைக்கு மீன் சந்தைக்கு வருவான், நான் எட்டுக்குப் பிறகு போவன். வெள்ளியில அவன் பத்திரகாளி அம்மன் கோவில், நான் செவ்வாயில. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில அவன்ர நீலப் பைக்கைக் கண்டா உட்துறைமுக வீதியால சுத்திப் போவன். செத்த வீடுகளுக்குப் பகல்ல போறேல்ல, ராவில போய் இருந்திட்டு வாறது. எட்டு வருசம் மச்சான். அவன்ர மனுசிக்குத் தெரியாத நேர அட்டவணை எல்லாம் எனக்குப் பாடம். ஒதுக்கினவனுக்கு இது தேவையா சொல்லு, ஒதுக்கினவன் நெஞ்சை நிமித்திக்கொண்டு நடுரோட்டால போவான். வெக்கத்தில செய்யிறதுக்கு ஒளிக்கிறது எண்டும் ஒரு சொல்லு இருக்கு, கடன்காரரைக் கண்டா ஒளிச்சுத் திரியிறான் எண்டுறதில்லையா, நான் செய்ததில பாதி அதுதான், அதை ஒத்துக்கொள்ளுறன்.

போன வியாழன் அம்மா விளைமீன் கேட்டா. ஒன்பது மணி, பயமில்லை எண்டு சந்தைக்குப் போறன், தராசுக்கு முன்னால கட்டையன். திரும்பவும் ஏலாது, பின்னால சனம். அவன் என்னைப் பார்த்துப்போட்டு, ஏதோ பிழை விட்ட ஆள் மாதிரிச் சொல்லுறான், "ரயர் காத்துப் போட்டுது மச்சான், ஒட்டிக்கொண்டு வர நேரம் போட்டுது, இல்லாட்டி நீ வாற நேரத்துக்கு நான் நிக்கிறேல்ல" எண்டு.

எனக்கு விளங்கேல்ல. நான் வாற நேரம் உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். "நீ எட்டுக்குப் பிறகுதானே வருவாய், அதான் நான் வெள்ளன வாங்கிக்கொண்டு போறனான். என்னைக் கண்டா உன்ர முகம் மாறுது, அதைப் பார்க்க எனக்கு ஏலாது" எண்டான். முந்தி அவன் செவ்வாயிலதானாம் கோவிலுக்குப் போறவன், நான் செவ்வாயில வாறதைக் கண்டிட்டு வெள்ளிக்கு மாத்தினவனாம்.

நான் விலத்திறன் எண்டு நினைச்சுக்கொண்டு திரிய, அவன் எனக்கு வழி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். உங்கட உப்புவெளி ஒழுங்கைக்குள்ள பாரம் தூக்கிக்கொண்டு ஒருத்தர் எதிர்ல வந்தா வேலியோட ஒட்டி நிண்டு விடுவமே, அதுக்கு என்ன சொல்லுறனாங்கள், ஒதுங்கிக் குடுக்கிறது. நீ வொய்ஸில சொன்ன அதே சொல்லுத்தான் மச்சான், பிறவினையை எடுத்திட்டுத் தன்வினையாப் போட்டா அவன் செய்தது வருது. அப்ப நீ முழுக்கப் பிழை இல்ல, ஆளை மாத்திச் சொல்லிப்போட்டாய்.

அவன் தன்ர மீனில பாதியை என்ர பையுக்குள்ள போட்டான், காசு வாங்கேல்ல. மூத்தவளுக்கு இப்ப ரெண்டு பிள்ளையளாம், வவுனியாவில இருக்கினமாம். உன்ர நம்பரைக் கேட்டான், குடுத்திருக்கிறன். அடுத்த ஞாயிறு எடுப்பான், நீ தூக்கத்தில இருந்தாலும் எழும்பி எடு. நான் இவ்வளவும் எழுதினனான் எண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாத.

உன்ர
மச்சான்